கீழே போனீர்களா

கோத்தகிரி மார்க்கெட்டுக்கு மேலே மூன்று தெருக்களில்
தண்ணீரைக் குனிந்து பார்ப்பது என் வேலை.
நாள் சம்பளம்.
கையில் டார்ச், பிளாஸ்டிக் கரண்டி,
அபேட் பாட்டில், சுவரில் தேதி போட சாக்பீஸ்.

கதவைத் திறக்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள்.
"கொசுவா? இந்தக் குளிர்லயா?"
ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் போஜராஜ்
ஸ்வெட்டர் கையை முழங்கைவரை ஏற்றி
தடிப்பில்லாத தோலைக் காட்டுவார்,
சான்றிதழ் நீட்டுவதுபோல.

ஆல்துரை கடையில் போன வருஷம்வரை
கொசுவத்தி கேட்டால்
மேட்டுப்பாளையத்தில் கிடைக்கும் என்பார்.
இப்போது பீடிக்கட்டுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே
பச்சைச் சுருள் ஐந்து பெட்டி.
ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.
ஏஜென்ட் இறக்கிவிட்டுப் போனானாம்.

குன்னூரில் நடந்த பயிற்சியில்
பூச்சியியல் அலுவலர் சொன்னார்:
கிருமியைக் குடித்த கொசு
மறுநாளே அதைக் கொடுத்துவிடாது.
வயிற்றிலிருந்து எச்சில்வரை
கிருமி நடந்து வரவேண்டும்.
கீழே வெயிலில் ஒரு வாரம், பத்து நாள்.
இங்கே குளிரில் கால் தளர்ந்து
அது பாதி வழியில் இருக்கும்போதே
கொசு செத்துவிடும்.

எல்லாரும் நோட்டில் எழுதினார்கள்.
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இத்தனை காலம் எங்களைக் காத்து நின்றது
ஒரு தாமதம்தானா?
கொண்டை ஊசி வளைவில்
மூச்சு வாங்கி நின்றுவிட்ட
ஒரு பழைய பஸ்?

அந்த பஸ்சுக்கு
யாரோ எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள்.

மார்கழியில் ஒரு காட்டேஜ்.
வெளியே புல்லெல்லாம் வெள்ளை.
குழாயைத் தொட்டால் விரல் மரத்தது.
தொட்டியில் ஒன்றுமில்லை. பூந்தட்டுகளிலும் இல்லை.
கிளம்பும்போது ஃப்ரிட்ஜின் முதுகைப் பார்த்தேன்.
சொட்டு நீர் சேரும் தட்டு.
மோட்டார் இரவும் பகலும்
அதை இளஞ்சூட்டில் வைத்திருந்தது.
பதினேழு புழுக்கள். எண்ணினேன்.
தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தவை
வெளிச்சம் பட்டதும்
காற்புள்ளிகளாக வளைந்து இறங்கின.
சில்லென்று வைத்துக்கொள்ள நாம் வாங்கிய பெட்டி
அவற்றுக்குக் கணப்பு.

காய்ச்சல் படிவத்தில் ஆறாவது கட்டம்:
கடந்த பதினான்கு நாளில் வெளியூர்ப் பயணம்.
எல்லாரும் போயிருப்பார்கள்.
திருப்பூர் கம்பெனி, காரமடையில் கல்யாணம்,
சிறுமுகையில் சேலை.
ஊர்ப்பெயர் விழுந்ததும்
டாக்டரம்மா தோள் இறங்கும்.
காய்ச்சல் கீழேயிருந்து வந்தது,
மலைக்கு அதில் பங்கில்லை.

செவ்வாய்க்கிழமை செபமாலை வந்தார்.
தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட்,
இலை வாட்டும் மாடியில் சூட்டுக்காற்று திறந்துவிடுகிறவர்.
கண்ணுக்குப் பின்னால் வலி என்றார்.
எலும்பையெல்லாம் ரோலரில் கொடுத்து எடுத்தமாதிரி.
ரத்தம் டெங்கு என்றது.

கீழே போனீங்களா?
இல்ல.
மேட்டுப்பாளையம்?
பஸ்ல வாந்தி வரும். மூணு வருஷமாச்சு எறங்கி.
யாராச்சும் வீட்டுக்கு வந்தாங்களா?
எனக்கு யாரு வருவா.

"இன்னொரு தரம் கேளுங்க, யோகேஸ்வரி."
கேட்டேன்.
மறுபடி கேட்டேன், கோத்தகிரிக்கு வெளியே
தேதியோடு, பெயரோடு, எந்த ஊராவது.
குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்திருந்தவர்
என் முகத்துக்குத் திரும்பினார்.
பாவமாக இருந்திருக்க வேண்டும்.
"போனதா வேணா எழுதிக்கம்மா."

மூன்றெழுத்து. இல்லை.
எழுத இவ்வளவு நேரமா என்று
பின்னாலிருந்த வரிசை முணுமுணுத்தது.

சாயங்காலம் டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டு
இலை வாட்டும் மாடிக்கு ஏறினேன்.
ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டவேண்டியிருந்தது.
பச்சை வாசனை, வெதுவெதுப்பு.
சுவரோரம் வரிசையாகச் சிவப்பு வாளிகள்,
ஒவ்வொன்றிலும் 'தீ' என்று எழுதி
தண்ணீர் நிரப்பி
எப்போது தொங்கவிட்டார்களோ.
எட்டு வாளி.

முதல் வாளிக்குள் குனிந்தேன்.